கடுகில்லாத குழம்பு

"மேடம், திருப்பூர்ல கடுகுக்குத் தட்டுப்பாடா?" என்றான் சுதர்சன்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது மலர்கொடி துப்பறியும் நிலையம். நிலையம் என்றால் மூன்று நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு சுதர்சன். மின்விசிறியாவது கரண்ட் போனால் நின்றுவிடும். சுதர்சனின் வாய் அதற்கும் நிற்காது. இன்ஜினியரிங் முடித்தவன். முடித்தான் என்று அவன் சொல்லுவான். கல்லூரி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மலர்கொடி தலைமைக் காவலராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். ஸ்டேஷனில் பேசித் தீர்த்துவிட்டதாலோ என்னவோ, இங்கே ரேஷன் அளவுக்குத்தான் பேசுவார்.

மூன்றாவது நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தாள் வளர்மதி. வேப்பந்தட்டைப் பக்கம் சின்ன வெங்காயம் போட்டுப் பிழைக்கிற குடும்பம். போன மாதம் கலைவாணன் என்கிற ஏஜென்ட் அவள் மகள் முத்தமிழைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு என்று வேனில் ஏற்றிப் போனான். அன்றோடு மகளின் போன் அணைந்தது. ஸ்டேஷனுக்குப் போனால், இந்த வியாழக்கிழமை கலைவாணன் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, "பொண்ணு மேஜர். அதுவே நல்லாருக்கேன்னு சொல்லுதே, அப்புறம் என்னம்மா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மேசைமேல் அந்த வீடியோதான் ஓடிக்கொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்து முத்தமிழ் சாப்பிடுகிறாள். யாருடையதோ ஒரு கை, கை மட்டும், கரண்டியால் அவள் தட்டில் குழம்பு ஊற்றுகிறது. "நான் நல்லாருக்கேம்மா. திருப்பூர் கம்பெனி நல்லாருக்கு. நீ போன் பண்ணாத, வேலை கெடும்." அவ்வளவுதான் வீடியோ.

"நல்லாத்தாங்க இருக்கா" என்றாள் வளர்மதி, தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வது போல. "பாருங்க, கையில மருதாணிகூட வச்சிருக்கா. ஆனா எம் மனசு கேக்க மாட்டேங்குது. எம்பொண்ணு சோத்தைப் பாத்துக்கிட்டுப் பேசுறா. என் மொகத்தைப் பாக்கவே இல்ல."

மலர்கொடி வீடியோவை நிறுத்தினார். "அம்மா, மருதாணி வச்சா செவக்கும். இது கறுத்திருக்கு. விரல் நுனியில தோலும் உரிஞ்சிருக்கு. சுதா, முந்திரிக்கொட்டை உடைக்கிறவங்க கையைப் பாத்திருக்கியா?"

"நான் முந்திரியைப் பாயசத்துலதான் மேடம் பாத்திருக்கேன்."

"கொட்டை ஓட்டுல ஒரு எண்ணெய் இருக்கு. பட்டா கை வெந்துரும். திருப்பூர்ல பனியனைத் தைப்பாங்க. முந்திரி உடைக்க மாட்டாங்க."

வளர்மதி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். மருதாணி என்று நம்பி மூன்று நாள் மனசைத் தேற்றிக்கொண்டதற்காக அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"இப்ப நீ சொன்னதைத் திருப்பிச் சொல்லு" என்றார் மலர்கொடி.

"எதை? பாயசமா?"

"கடுகு."

சுதர்சன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சாப்பாட்டு விஷயத்தில் அவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. "கரண்டியில வர்ற குழம்பைப் பாருங்க மேடம். கடுகு இல்ல, கறிவேப்பிலை இல்ல, ஒரு சொட்டு எண்ணெய் மெதக்கல. தாளிக்காத குழம்பு. ஆஸ்பத்திரியிலகூட இப்படிப் போட மாட்டான்."

"அந்தக் கையைப் பாரு."

நரம்போடிய, கறுத்த, எலும்பான கை. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, கயிற்றில் ஒரு துண்டு மஞ்சள். "காப்பு!" என்றாள் வளர்மதி முந்திக்கொண்டு. "மாரியம்மன் கோயில் காப்பு கட்டியிருக்காங்க!"

"காப்பு கட்டியாச்சுன்னா ஊருக்குள்ள யாரும் தாளிக்க மாட்டாங்க" என்றார் மலர்கொடி. "காப்பு கட்டினவங்க, அதை அவுக்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டாங்க. அப்ப இந்தக் குழம்பும் இந்தக் கையும் ஒரே ஊர்ல இருக்கு. முந்திரி வெளையுற ஊரு. கலைவாணனுக்கு எந்த ஊரும்மா?"

"மீன்சுருட்டிப் பக்கம்னு சொன்னான்ங்க. ஊர் பேரு சொல்லல."

"பங்குனி மாசம், அந்தப் பக்கம் எந்த ஊர்ல காப்புன்னு எப்படி மேடம் கண்டுபிடிக்கிறது? கூகுள்ல காப்புன்னு போட்டா நகைக்கடைக்குல்ல வழி காட்டும்."

சொல்லிக்கொண்டே அவன் போனை எடுத்துவிட்டான். ஜெயங்கொண்டத்தில் ஒரு மைக்செட் கடை வைத்திருக்கும் கல்லூரிக் கூட்டாளிக்கு அடித்தான். எந்த ஊரில் எந்த அம்மனுக்கு என்றைக்குத் திருவிழா என்று அம்மனுக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவன் மைக்செட்காரன்தான். இரண்டு நிமிடத்தில் விடை வந்தது. மீன்சுருட்டிச் சுற்று வட்டாரத்தில் இப்போதைக்குக் காப்பு கட்டியிருப்பது ஒரே ஒரு ஊரில். நாவலங்குறிச்சி. செவ்வாய்க்கிழமை கட்டியது.

"கெளம்பு" என்றார் மலர்கொடி.

*

மலர்கொடியின் பழைய மாருதி வேனில் ஏ.சி. கிடையாது. அரியலூர் தாண்டும்வரை சிமெண்ட் லாரிகளின் பின்னால் போனதில் மூன்று பேருக்கும் தலை நரைத்துவிட்டது. "கண்ணாடியில பாத்தேன் மேடம், எங்கப்பா தெரியிறாரு" என்றான் சுதர்சன். பின் சீட்டில் வளர்மதி சிரிக்கவில்லை. வழியெல்லாம் மகளின் மாற்றுத்துணிப் பையை மடியிலேயே வைத்திருந்தாள். உடையார்பாளையத்தில் வண்டியை ஓரங்கட்டி, கோட்டாட்சியர் ஆபீசுக்குப் போனில் விவரம் சொன்னார் மலர்கொடி. கொத்தடிமையாக யாரையாவது வைத்திருந்தால் வந்து மீட்கவேண்டியது அவர்கள்தான். "ஜீப்பு வரும். ஆனா பொண்ணுங்க எங்க இருக்காங்கன்னு நாமதான் காட்டணும்" என்றார்.

"அந்தக் கை கலைவாணன் கைதான் மேடம். சந்தேகமே இல்ல. ஆம்பளைக் கை, காப்பு, சொந்த ஊரு. கையைப் புடிச்சா கேஸ் முடிஞ்சுது. சாயங்காலம் வடையோட டீ."

மலர்கொடியும் தலையாட்டினார். அவர் தலையாட்டியது தப்பு என்று பிறகு தெரிந்தது. அதனால் அதை இங்கேயே சொல்லி வைப்பது நியாயம்.

நாவலங்குறிச்சி எல்லையில் சாலைக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். உள்ளே கோயில் பக்கம் பம்பை மேளம் ஒலித்துக்கொண்டிருந்தது. தெருவெல்லாம் மஞ்சள் தண்ணீர் ஈரம். டீக்கடை பெஞ்சில் ஓர் ஆள் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இஸ்திரி கலையாத சட்டை, நெஞ்சு வரைக்கும் சங்கிலி. வளர்மதி வேனுக்குள் குனிந்துகொண்டு, "அவன்தாங்க" என்றாள்.

சுதர்சன் இறங்கிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து டீ சொன்னான். ஓரக்கண்ணால் வலது மணிக்கட்டைப் பார்த்தான். தடி வாட்ச். இடது மணிக்கட்டைப் பார்த்தான். வெள்ளிச் சங்கிலி. காப்பு இல்லை. மறுபடி வலது. கலைவாணன் திரும்பிப் பார்த்தான்.

"என்ன தம்பி, கையை மொறைக்கிறீங்க?"

"வாட்ச் நல்லாருக்குண்ணே. நேரம்கூடக் காட்டுமா?"

கலைவாணன் ஒருமாதிரி பார்த்துவிட்டு எழுந்து போனான். டீ ஆற்றிக்கொண்டிருந்தவரிடம், "ஊரே காப்பு கட்டியிருக்கு, அண்ணன் மட்டும் ஏன் கட்டலை?" என்று கேட்டான் சுதர்சன்.

"அவருக்குப் பங்காளி வூட்டுல பெரிய காரியம் ஆயிருச்சு தம்பி. காப்புக் கட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான். இன்னும் கருமாதி முடியல, தீட்டு. கோயில் பக்கமே வரக்கூடாதுல்ல, அதான் எங்கடையே கதின்னு கெடக்காரு."

"முந்திரிக் கொட்டகை ஏதாச்சும் வச்சிருக்காரா?"

"காட்டுக்குள்ள குத்தகைக்கு எடுத்து ஓட்டுறாரு. வெளியூர்ப் பொண்ணுங்க வேலை பாக்குதுங்க. ஒழுங்கான பொண்ணுங்க தம்பி, ஊருக்குள்ளயே வராதுங்க."

இதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். சுதர்சனுக்கு டீ கசந்தது.

*

மண்பாதையில் வேன் முந்திரிக்காட்டுக்குள் நுழைந்தது. பழுத்து விழுந்த முந்திரிப்பழங்களின் வாசம் மூக்கை அடைத்தது. பூட்டை உடைக்க வண்டியிலிருந்த ஜாக்கி ராடைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான் சுதர்சன். மனசுக்குள் பின்னணி இசை ஓடியது. கொட்டகை தெரிந்ததும் ராடை ஓங்கினான்.

ஓங்கின கை ஓங்கினபடியே நின்றது. பூட்டே இல்லை. தாழ்ப்பாள் இல்லை. இரண்டு கதவும் ஆவென்று திறந்து கிடந்தன.

"அடிக்கிறதுக்கு எதாவது கொண்டாந்து வைக்கட்டுமா?" என்றார் மலர்கொடி.

உள்ளே மூன்று பெண்கள், எண்ணெய் கையில் ஒட்டாமலிருக்கச் சாம்பலைத் தொட்டுத் தொட்டுக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக இருந்தவள் தலையைத் தூக்கினாள். "அம்மா" என்றாள். குரல் வந்ததே தவிர ஆள் எழுந்திருக்கவில்லை. வளர்மதிதான் பையைப் போட்டுவிட்டு ஓடினாள். மகளின் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் பொங்கியது.

"எந்திரி கண்ணு, போவலாம். கதவு தெறந்துதான் கெடக்கு."

"வர மாட்டேம்மா."

"என்ன?"

முத்தமிழ் தன் இடது கையை நீட்டினாள். மஞ்சள் கயிறு. ஒரு துண்டு மஞ்சள். சுதர்சன் மற்ற பெண்களைப் பார்த்தான். எல்லார் கையிலும் அதே. மூலையில் குழம்புச் சட்டியோடு நின்றிருந்த, எலும்பும் தோலுமான ஒரு பெண் கரண்டியை மெல்லக் கீழே வைத்தாள். அந்தக் கைதான் வீடியோவில் வந்த கை. உழைப்பு அதை ஆம்பளைக் கை ஆக்கியிருந்தது. சுதர்சன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் துப்பறியும் திறமையை நினைத்து வெட்கப்பட்டான்.

"முன்னாடியெல்லாம் பூட்டித்தான் வச்சிருந்தாரு" என்றாள் முத்தமிழ். "செவ்வாக்கெழமை காலையில கயிறு கொண்டாந்து, கற்பூரம் கொளுத்தி, எங்க எல்லாருக்கும் கட்டிவிட்டாரு. இனிமே பூட்டு கெடையாது, அம்மன்தான் காவல்னாரு. எல்லையைத் தாண்டினா எனக்கு ஒண்ணும் ஆவாதாம். பெத்தவளைத்தான் அம்மன் எடுத்துக்குமாம்." அவள் தாயைப் பார்த்தாள். "எனக்குன்னா எப்பவோ ஓடிருப்பேம்மா."

"எனக்கு ஆனா ஆவட்டும்டி! நீ வா!"

"மாட்டேன்" என்று முத்தமிழ் கையை உருவிக்கொண்டாள். வளர்மதி இழுக்க, அவள் தூணைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் அழ ஆரம்பித்தார்கள். பெற்றவளை மீறி ஒரு மகள் அடிமையாக இருக்கப் பிடிவாதம் பிடிக்கிறாள், அதுவும் பெற்றவளுக்காகவே.

"கெட்டிக்காரன்" என்றார் மலர்கொடி, பல்லைக் கடித்துக்கொண்டு. "திருவிழாக் கூட்டம் காட்டுப் பக்கம் ஒதுங்கும். பூட்டின கொட்டகைக்குள்ள பேச்சுச் சத்தம் கேட்டா ஊரு என்னன்னு கேக்கும். தெறந்த கொட்டகையை யாரு கேப்பா?"

"நான் அறுத்துடவா மேடம்?"

"அறுத்தா கயிறுதான் போவும், பயம் போவாது. வழிநெடுக அம்மாவுக்கு ஒரு தும்மல் வந்தாலும் அந்தப் பொண்ணு செத்துரும்." மலர்கொடி கயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. வருஷத்துக்கு ஓரிரு தடவை வருகிற சிரிப்பு. "சுதா, இந்தக் கயித்தை யாரு கட்டினான்னு சொன்னா?"

"கலைவாணன்."

"டீக்கடையில என்ன சொன்னாங்க?"

சுதர்சனின் வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது. பிறகு, "மேடம், எனக்கு ஒரு மைக் வேணும்" என்றான்.

*

கோயில் பந்தலில் இருந்தது கூட்டாளியின் மைக்செட்தான். கொஞ்ச நேரத்தில் நாவலங்குறிச்சி முழுக்க, கம்பத்துக் குழாய்களில் சுதர்சனின் குரல் கணீரென்று ஒலித்தது.

"பக்தகோடிகளின் கனிவான கவனத்திற்கு! நமது ஊரைச் சேர்ந்த அண்ணன் கலைவாணன் அவர்கள், தமது பொற்கரத்தால் நான்கு பெண்களுக்குக் காப்பு கட்டியிருக்கிறார்கள். ஆம், தமது கரத்தாலேயே! அந்தப் பெண்கள் முந்திரிக் கொட்டகையில் காத்திருக்கிறார்கள். பூசாரி ஐயாவும் ஊர்ப் பெரியவர்களும் உடனே வந்து ஆசீர்வதிக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்!"

பம்பை சட்டென்று நின்றது.

ஊர் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது பூசாரியின் முகம் வேப்பெண்ணெய் குடித்தது போலிருந்தது. கலைவாணன் சட்டை கசங்க ஓடிவந்தான். மலர்கொடி அவனை நடுவில் விட்டு, நிதானமாகக் கேட்டார்.

"இந்தப் பொண்ணுங்க கையில கட்டியிருக்கிறது காப்பா தம்பி?"

"அது... அதுவந்து..."

பூசாரி முன்னால் வந்தார். "தீட்டோட நீ காப்பைத் தொட்டியாடா? அம்மன் சன்னதியில பம்பை அடிச்சு நான் கட்ட வேண்டியதை, சாவு வூட்டுக் கையால நீ கட்டினியா? சொல்லுடா!"

கூட்டத்தில் வேட்டிகள் மடித்துக் கட்டப்பட்டன. கலைவாணன் சுற்றிலும் பார்த்தான். ஆமாம் என்றால் ஊர் தோலை உரித்துவிடும். இல்லை என்றால், நான்கு பெண்களும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

"சத்தியமா காப்பு இல்லீங்க!" என்று பூசாரியின் காலில் விழுந்தான். "வெறும் கயிறுங்க! ஜெயங்கொண்டத்துல கடையில வாங்கின நூலு, மளிகைக்கடை மஞ்சள். சும்மா ஒரு இதுக்குக் கட்டினது. மந்திரம் இல்ல, அம்மன் இல்ல, ஒண்ணுமே இல்லீங்க!"

"சத்தமா சொல்லு" என்றார் மலர்கொடி. "பின்னாடி நிக்கிற பொண்ணுங்களுக்குக் கேக்கல."

"வெறும் கயிறு!" என்று அலறினான் கலைவாணன்.

"அண்ணே, மைக் வேணுமா?" என்றான் சுதர்சன்.

முத்தமிழ் பூசாரியைப் பார்த்தாள். "இது காப்பே இல்ல தாயி" என்றார் அவர், இந்த முறை மெதுவாக. "உங்கம்மாவுக்கு ஒரு கொறையும் வராது. நான் சொல்றேன்." அவள் பல்லால் கடித்துக் கயிற்றை அறுத்தாள். அறுத்துவிட்டுத் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கைக்குழந்தை போல ஏங்கி ஏங்கி அழுதாள்.

டீக்கடைக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். "பூட்டியிருந்தா கேட்டிருப்போம்ங்க" என்றார் யாரிடமோ. "தெறந்தே கெடந்துச்சு. வேலைக்கு வந்த பொண்ணுங்கன்னு நெனச்சோம்."

ஜீப் எல்லைத் தோரணத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றிருந்தது. கலைவாணனை ஊர் இளவட்டங்களே கைத்தாங்கலாக, கொஞ்சம் கூடுதல் தாங்கலாகவே, கொண்டுபோய் ஏற்றினார்கள். பெண்கள் பின்னால் நடந்தார்கள். முத்தமிழ் அம்மாவின் கையைப் பிடித்தபடி தோரணத்தைத் தாண்டினாள். இன்னும் இரண்டு பேர் தாண்டினார்கள்.

கரண்டி பிடித்த பெண் மட்டும் இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். பெயர் வேணி என்றாள். கல்வராயன் மலைப் பக்கம் அவள் ஊர். சேலையை விலக்கிக் கையைக் காட்டினாள். புதுக் கயிற்றுக்கு மேலே, முழங்கைப் பக்கமாக, வெளுத்துப்போன கயிறு ஒன்று. அதற்கும் மேலே, நிறமே தெரியாமல் அழுக்கேறி, தோலோடு ஒட்டிப்போன இன்னொன்று.

"ஒவ்வொரு வருசமும் கட்டுவாரு. அவுக்க மாட்டாரு" என்றாள். "மொதக் கயித்துக்கப்புறம் எனக்குன்னு பூட்டே தேவைப்படல. எம் மவன் சின்னப் பையன் தம்பி, ஊர்ல இருக்கான். அவனுக்கு எதுனா ஆயிருமோன்னு..." குரல் உடைந்தது. "இந்தப் பழைய கயிறும் வெறும் கயிறுதானா?"

"எல்லாமே வெறும் கயிறுதாங்க்கா" என்றான் சுதர்சன்.

மலர்கொடி கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, தோல் கிழியாமல், ஒவ்வொன்றாக வெட்டினார்.

வேணி கண்ணை மூடிக்கொண்டு தோரணத்தைத் தாண்டினாள். நின்றாள். கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள். திரும்பவும் உள்ளே போனாள். மறுபடி தாண்டினாள். ஜீப்பில் எல்லாரும் காத்திருந்தார்கள், யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

அவள் சுதர்சன் பக்கம் திரும்பினாள்.

"ஒரு எட்டுதானா தம்பி? இத்தனை வருசமும் இந்த ஒரு எட்டுதானா?"

சுதர்சன் ஜீப்பின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவள் ஏறும்வரை நின்றான்.